நாட்செஸ் நகரை நின்றுபோன ஸ்லைடு ஃபிலிமில் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில், ஏறத்தாழ 200 அடி உயர மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர் நாட்செஸ். 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ரோசலி கோட்டையைக் கட்டினார்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இங்கு வாழ்ந்த நாட்செஸ் பழங்குடியினரின் பெயர்தான் ஊருக்கும் வந்தது. பின்னாளில் பருத்திப் பணம் கொட்டியபோது வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள் வரிசையாக எழுந்தன. உள்நாட்டுப் போரில் பெரிய சண்டை இல்லாமல் ஊர் சரணடைந்ததால் அவற்றில் பலவும் தப்பின. இன்றைக்கும் சுற்றுலாவாக வருகிறவர்கள் அந்தத் தூண்களைத்தான் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நான் இந்த ஊரை, கோடாக் நிறுத்திவிட்ட எக்டாக்ரோம் இ100ஜி என்ற ஸ்லைடு ஃபிலிமில் (கழுவினால் நெகட்டிவ் இல்லாமல் நேராகவே படம் தரும் ஃபிலிம்) நான்கு ரோல் எடுத்தேன். மொத்தம் 144 ஃபிரேம். கடைசி ரோல் தீர்ந்தால் அவ்வளவுதான் என்ற நிலையில் எடுத்ததில் கற்றுக்கொண்டவை இவை. ஃபிலிமை வாங்குவதிலிருந்து ஸ்லைடைப் பெட்டியில் அடுக்குவது வரை, செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்லைடு ஃபிலிம் தாங்கும் வெளிச்ச வித்தியாசம் சுமார் ஐந்து ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). வெயிலில் மின்னும் வெள்ளைத் தூணும் அதன் பின்னால் இருட்டிக் கிடக்கும் திண்ணையும் ஒரே ஃபிரேமில் கிடைக்காது. தூணா, திண்ணையா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். நாட்செஸில் இது வெறும் வெளிச்சக் கணக்கு இல்லை. தூண்களை எழுப்பிய பணம் அடிமை உழைப்பிலிருந்து வந்தது. அந்த மனிதர்கள் விற்கப்பட்ட சந்தையும் இதே ஊரில், மாளிகைகளிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அதனால் ரோலைக் கேமராவில் மாட்டுவதற்கு முன்பே எதற்கு எத்தனை ஃபிரேம் என்று பங்கு பிரித்துவிடுங்கள். என் கணக்கில் மாளிகைகளுக்கு ஒரு ரோலுக்கு மேல் கிடையாது.

ஃபிலிமைத் தேடி வாங்குவது

கோடாக்ரோமைத் தொடாதீர்கள். 1935-ல் வந்த அந்த ஃபிலிமின் உற்பத்தியை நிறுத்துவதாக 2009-ல் கோடாக் அறிவித்தது. அதைக் கழுவும் கே-14 முறை வேறு எந்த ஃபிலிமுக்கும் பொருந்தாது. கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி லேபும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு கோடாக்ரோமை வாங்கவில்லை. இன்று அந்த ரோலில் கறுப்பு வெள்ளைப் படம்தான் கிடைக்கும், வண்ணம் வராது. பெட்டி அழகாக இருக்கிறதே என்று விலை கொடுத்து வாங்கி ஏமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தேட வேண்டியது இ-6 முறையில் கழுவும் ஃபிலிம். நின்றுபோனாலும் இவற்றை இன்றும் லேபில் கழுவிக்கொள்ளலாம். எக்டாக்ரோம் இ100ஜி, இ100விஎஸ் இரண்டையும் 2012-ல் நிறுத்தினார்கள். ஃபியூஜி பக்கம் அஸ்டியா 100எஃப் உண்டு. இந்த ஊருக்கு என் முதல் தேர்வு இ100ஜி. வெள்ளையை வெள்ளையாகவே காட்டும், செங்கல்லை ஊதிப் பெருக்காது. முகங்களை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அஸ்டியா இதமாக இருக்கும். இ100விஎஸ் நிறங்களை அடர்த்தியாக்கும். ஆற்றின் மேல் சூரியன் இறங்கும் நேரத்துக்கு அது பிரமாதம், மாளிகைக்கு முன்னால் பூத்த அசேலியாவுக்கு அது தாங்காது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தீர்கள்?" ஃபிரீசர் என்றால் வாங்கலாம். அலமாரி என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நான்கு ரோல் வாங்கினால் நான்கிலும் பெட்டியில் அச்சிட்ட எமல்ஷன் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரு ரோலில் செய்த சோதனை மற்றவற்றுக்கும் பொருந்தும்.

சோதனை ரோல்

நெகட்டிவ் ஃபிலிம் காலாவதியானால் பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடு என்பார்கள். அந்தப் பழக்கத்தை ஸ்லைடுக்குக் கொண்டுவராதீர்கள். பழைய ஸ்லைடு ஃபிலிமில் முதலில் கெடுவது கறுப்பு. அடர்த்தி குறைந்து, கறுப்பு வெளுத்துப்போய் ஊதா கலந்து வரும். அதற்கு மேல் வெளிச்சத்தையும் கூட்டிக் கொடுத்தால் படமே கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரு ரோலைத் தியாகம் செய்யுங்கள். வெயிலில் ஒரு மேஜை. அதன் மேல் வெள்ளைத் துணி, கறுப்புத் துணி, சாம்பல் அட்டை, பக்கத்தில் யாராவது ஒருவரின் கை. கேமராவில் ஐஎஸ்ஓ 125, 100, 80, 64 என்று மாற்றி மாற்றி எடுங்கள். பிறகு அதையே நிழலிலும், சாயங்கால வெயிலிலும் எடுங்கள். கழுவி வந்ததும் லைட் டேபிளில் லூப் (உருப்பெருக்கி) வைத்து வெள்ளைத் துணியின் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். என் ரோல்களில் 100-ல் எடுத்தது சரியாகவே இருந்தது. ஆனால் சாம்பல் அட்டையில் லேசாக ஊதா ஏறியிருந்தது. லென்ஸில் சிசி05 என்ற மிக லேசான பச்சை ஃபில்டர் போட்டதும் அது போய்விட்டது. உங்கள் ரோலில் வேறு மாதிரி வரலாம், அதனால்தான் சோதனை.

கைவசம் பழகுவதற்கு 2018-ல் மறுபடி வந்த எக்டாக்ரோம் இ100 இருக்கிறது. ஸ்லைடையே தொட்டதில்லை என்றால் அதில் இரண்டு ரோல் எடுத்துப் பழகிய பிறகு பழையதைத் திறங்கள்.

கிளம்புவதற்கு முன்

முந்தின இரவே ரோலை ஃபிரீசரிலிருந்து எடுத்து, டப்பாவைத் திறக்காமல் வெளியே வையுங்கள். குளிர்ந்த ஃபிலிமை உடனே திறந்தால் அதன் மேல் ஈரம் பூத்துவிடும். விமானத்தில் போவதானால் ஃபிலிமைக் கைப்பையில், கண்ணுக்குத் தெரியும் பையில் வைத்து, கையாலேயே பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். புது சி.டி. ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும். காரில் என்றால் லூசியானாவின் பேட்டன் ரூஜிலிருந்து ஏறத்தாழ 90 மைல், ஹைவே 61-ல் நேராக வடக்கே.

இந்த ஊரில் கோடைக் காற்று ஈரத் துணி மாதிரி ஒட்டும். ஏ.சி. காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்து, அரை மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாது. ஜிப் பையில் போட்டு மூடி, அப்படியே வெளியே வைத்துக் காத்திருங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம்தான் படியும். காரின் டிக்கியில் மட்டும் ஃபிலிமை வைக்காதீர்கள். வெயிலில் அது அடுப்பு.

அப்புறம் ஃபிலிமை மாட்டுவது. என் முதல் பயணத்தில் ஒரு காலை முழுக்க எடுத்தேன். 36 முடிந்து 38 என்று கவுன்டர் காட்டியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஃபிலிமின் நுனி உள்ளே ஸ்பூலில் பிடிக்கவே இல்லை. ரோல் இருந்த இடத்திலேயே இருந்தது, நான் வெறும் ஷட்டரை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முதல் ஒரு பழக்கம்: மாட்டி மூடியதும் இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழை மெதுவாகச் சுற்றி ஃபிலிமின் தொய்வை எடுத்துவிட்டு, லீவரை இழுப்பேன். இழுக்கும்போது அந்தக் குமிழும் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை. மூன்று வினாடி வேலை.

வெள்ளைத் தூணை அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெயில் விழும் தூணை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது) பார்க்கிறீர்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப்/8-ல் ஷட்டர் 1/2000 வினாடி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எடுத்தால் தூண் அழுக்குச் சாம்பலாக வரும். அதிலிருந்து ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும், அதாவது வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஷட்டர் 1/500, அப்பர்ச்சர் எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவே. தூண் வெள்ளையாக இருக்கும், அதே சமயம் பெயின்ட் உரிந்த இடமும் பூச்சின் சொரசொரப்பும் தெரியும். இரண்டு ஸ்டாப் வரை போகலாம். அதைத் தாண்டினால் தூண் இருந்த இடத்தில் வெறும் ஃபிலிம்தான் மிஞ்சும், அதை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.

இப்போது திண்ணைச் சுவரை அளந்து பாருங்கள். எஃப்/8-ல் 1/60 என்று காட்டினால், நீங்கள் வைத்திருக்கும் எக்ஸ்போஷருக்கு அது மூன்றரை ஸ்டாப் கீழே. கதவு, ஆடும் நாற்காலி, உள்ளே நிற்கும் ஆள் எல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும். திண்ணையும் வேண்டும் என்றால் இரண்டே வழி. ஒன்று, மேகம் வரும் வரை காத்திருப்பது. இன்னொன்று, சூரியன் தாழ்ந்து திண்ணைக் கூரைக்கு அடியில் நுழையும் நேரத்தில் வருவது. கிழக்கு பார்த்த வீடென்றால் விடிந்த முதல் மணி நேரம், மேற்கு பார்த்ததென்றால் கடைசி மணி நேரம். அந்தப் பத்து இருபது நிமிஷத்தில் தூணும் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நிற்கும். முதல் நாள் கேமராவைத் தொடாமல், கையில் திசைகாட்டியோடு வீடு வீடாக நடந்து எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையென்றால் பழைய கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 100. வெள்ளை மாளிகைக்கு அதிலிருந்து அரை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஓக் மரங்களின் கீழே இன்னொரு சிக்கல் வரும். கிளைகளிலிருந்து சாம்பல் தாடியாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் (பேர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி) பின்னாலிருந்து வெயில் பட்டால் வெள்ளி மாதிரி ஒளிரும். முன்னாலிருந்து பட்டால் அழுக்குத் துணி மாதிரி இருக்கும். எப்போதும் சூரியனை அதற்குப் பின்னால் வைத்து, ஒளிரும் நுனியை அளந்து ஒரு ஸ்டாப் திறங்கள். வெறும் நிழலில் எடுப்பதெல்லாம் நீலம் பாய்ந்து வரும் என்பதால் அங்கே நீலத்தைக் குறைக்கும் 81பி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே, எந்த நேரத்தில்

காமிராவை எடுப்பதற்கு முன் ஸ்ட்ராட்டன் சேப்பலுக்குப் போங்கள். ஃபர்ஸ்ட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தை ஒட்டிய கட்டடம். 19-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹென்றி நார்மன் எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. கறுப்பின மக்களும் வெள்ளையரும் அதே ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்கள், படகுத்துறை, தெருக்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் ஊரை எங்கிருந்து பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

காலையில் ஆற்றோரம் போகாதீர்கள். மேடு கிழக்கே இருப்பதால் கீழே இருக்கும் சில்வர் தெரு முழுக்க நிழலில் கிடக்கும். 'மலையடி நாட்செஸ்' என்று பெயர் பெற்ற இந்தப் படகுத்துறைப் பகுதியில் பழைய தெருக்கள் பலவற்றை ஆறு விழுங்கிவிட்டது. 1840 மே 7-ல் வந்த சுழற்காற்றில் 317 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆற்றில் படகில் இருந்தவர்கள். மிச்சமிருக்கும் கட்டடங்களின் முகப்பு ஆற்றைப் பார்த்திருப்பதால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் செங்கல் சிவக்கும். மேட்டையும் ஊரையும் ஒருசேர எடுக்க வேண்டுமானால் பாலத்தைத் தாண்டி லூசியானா பக்கம் விடாலியா கரைக்குப் போய், அதே பிற்பகலில் திரும்பிப் பாருங்கள்.

காலை நேரத்தை லாங்வுட்டுக்குக் கொடுங்கள். ஹாலர் நட் என்ற பருத்தி முதலாளிக்காக 1860-ல் தொடங்கிய எண்கோண வீடு. 1861-ல் போர் வந்ததும் வடக்கிலிருந்து வந்த தச்சர்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். 32 அறைகள் திட்டமிட்ட வீட்டில் கீழ்த்தளத்து 9 அறைகள் மட்டும் முடிந்தன. நட் 1864-ல் இறந்தார், குடும்பம் அந்தக் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தது. எட்டுப் பக்கம் இருப்பதால் எந்த நேரத்திலும் ஒரு பக்கம் முழு வெயிலிலும், அடுத்தது சாய்ந்த வெயிலிலும், அதற்கடுத்தது நிழலிலும் நிற்கும். சாய்ந்த வெயில் படும் பக்கத்தை அளந்து, அதற்கு எக்ஸ்போஷர் வையுங்கள். முழு வெயில் பக்கம் தப்பிக்கும், நிழல் பக்கம் கறுப்பாகி வீட்டுக்குக் கனம் கொடுக்கும். உள்ளே படமெடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். அனுமதித்தால் கேமராவை எங்காவது அழுத்தி வைத்துக்கொண்டு எடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறையும், ஆனால் இ100ஜி-க்கு 10 வினாடி வரை எந்தத் திருத்தமும் தேவையில்லை.

நடுப்பகலில் வெளியே எடுக்காதீர்கள். ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். 11 வயதில் விடுதலை பெற்று, முடிதிருத்தும் கடை நடத்தி, 1835-லிருந்து 1851-ல் கொலையாகும் வரை நாட்குறிப்பு எழுதிய கறுப்பின மனிதர். அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் அந்த வீட்டில் மறைக்கப்படவில்லை. செயின்ட் கேத்தரின் தெருவில் ரிதம் நைட் கிளப் இருந்த இடம் இருக்கிறது. 1940 ஏப்ரல் 23 இரவு, அலங்காரத்துக்காக உள்ளே தொங்கவிட்ட காய்ந்த ஸ்பானிஷ் மாஸில் தீப்பிடித்தது. ஜன்னல்களைப் பலகையால் அடைத்திருந்தார்கள். 209 பேர் இறந்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மரத்தில் ஒளிரும் அந்தத் தாடியை என்னால் வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை. முன்பு சொன்ன படத்தை எடுங்கள், ஆனால் இந்தத் தெருவுக்கும் ஃபிரேம் வைத்திருங்கள்.

இதே தெரு கிழக்கே போய் முடியும் முச்சந்திதான் 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்'. நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாகத் தென்கோடி மாநிலங்களின் பெரிய அடிமைச் சந்தை, 1863-ல் வடக்கின் யூனியன் படை ஊரைப் பிடிக்கும் வரை நடந்தது. இங்கே மாளிகை இல்லை, தூண் இல்லை. புல்தரை, சில பலகைகள், பக்கத்தில் ஓடும் சாலை. பலர் காரை விட்டு இறங்காமலே போய்விடுகிறார்கள், ஏனென்றால் படமெடுக்க ஒன்றும் இல்லை என்று தோன்றும். இறங்குங்கள். தரையில் சிமென்ட்டில் இரும்பு விலங்குகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். சூரியன் தலைக்கு மேல் இருந்தால் அவை தட்டையாகத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாயும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நிழல் முளைக்கும். முழங்கால் போட்டு உட்கார்ந்து, சிமென்ட்டை அளந்து அரை ஸ்டாப் திறங்கள். துருவின் செம்பழுப்பு எக்டாக்ரோமில் எப்படி வரும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. நான் இங்கே 22 ஃபிரேம் செலவழித்தேன். வேறெங்கும் அவ்வளவு செலவழிக்கவில்லை.

மேகம் மூடிய நாள் வந்தால் கல்லறைத் தோட்டம். 1908-ல் ஒரு மருந்துக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் இறந்த பெண்களின் ஐந்து சிறு கற்களுக்குப் பின்னால் வெள்ளைத் தேவதைச் சிலை நிற்கிறது. மேக வெளிச்சத்தில் பளிங்கு மெழுகு மாதிரி வரும்.

சூரியன் இறங்கும் நேரம் மேட்டின் மேல் இருங்கள். ஆறு மேற்கே, எதிரே சமதரையான லூசியானா, அதனால் சூரியன் தண்ணீர்ப் பக்கமே இறங்கும். பாலங்கள் இரண்டு, தெற்கே. குளிர்காலத்தில் சூரியன் பாலத்தை ஒட்டி இறங்கும், கோடையில் வடக்கே விலகிப் போய்விடும். பாலத்தின் நிழலுருவம் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். சூரியனை விட்டுவிட்டுப் பக்கத்து வானத்தை அளந்து, அந்த அளவிலேயே ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து இன்னொன்று. தள்ளுபடகு சரக்குத் தோணிகளைத் தள்ளிக்கொண்டு வரும் வரை பொறுத்திருங்கள், ஒன்று வராமல் போகாது.

கழுவுவதும் பத்திரப்படுத்துவதும்

எடுத்த ரோலைச் சீக்கிரம் கழுவுங்கள். பழைய ஃபிலிம், எடுத்த பிறகு இன்னும் வேகமாகக் கெடும். இ-6-ல் முதல் டெவலப்பர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 38 டிகிரி செல்சியஸ், 6 நிமிஷம், வெப்பம் அரை டிகிரி விலகினாலே அடர்த்தி மாறும். வீட்டில் கழுவும் கிட் இருக்கிறது, ஆனால் திரும்பக் கிடைக்காத ஃபிலிமில் அதைப் பழகாதீர்கள். இ-6-ஐ அடிக்கடி ஓட்டும் லேபாகப் பார்த்துக் கொடுங்கள். நான்கு ரோலையும் ஒரே நாளில் கொடுக்காமல் முதலில் ஒன்றைக் கொடுத்து, வந்ததைப் பார்த்து மற்றதைக் கொடுங்கள்.

ஸ்கேன் செய்வதற்கு முன் 5000 கெல்வின் லைட் டேபிளில் கண்ணால் பாருங்கள். திரையில் தெரிவதை அந்த ஸ்லைடோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும். டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு எடுப்பது மலிவான ஸ்கேனரைவிட நிழலை நன்றாக இழுத்துத் தரும்.

வைப்பதற்கு பாலிப்ரொப்பிலீன் உறைகள். பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும். இருட்டு, குளிர்ச்சி, ஈரமில்லாத இடம். ஸ்லைடைச் சுற்றியிருக்கும் சட்டமான மவுன்ட்டின் மேல் பென்சிலால் இடம், தேதி, ரோல் எண் எழுதுங்கள். "தூண்" என்று எழுதாமல் எந்த வீடு, யார் கட்டியது என்று எழுதுங்கள். பிறகு ஸ்லைடை நேராகப் பிடித்து, இடது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. புரொஜெக்டரில் தலைகீழாக மாட்டும்போது அந்தப் புள்ளி உங்கள் வலது கட்டைவிரலுக்கு அடியில் வர வேண்டும்.